ஜெபராணி பேக்கரியின் மாடி அறை

போடி
4 ஆகஸ்ட் 2024

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தம்பி ஜாஸ்பர் எழுதுவது. இங்கே நானும் மகிமாவும் சுகம். ஷெரின் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறாள். அங்கே நீங்களும் உங்கள் விடுதிப் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்தில் காய்ச்சல் என்று ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் மழைக்குப் போய்விட்டீர்கள். காய்ச்சல் விட்டதா இல்லையா என்று நான் யாரிடம் கேட்பது? உங்கள் மலைக்கு எப்போதுதான் டவர் வருமோ தெரியவில்லை.

கடை விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். சரியில்லை. அம்மா பேரில் இந்த பேக்கரியைத் தொடங்கியபோது, மூணாறு போகிற கார்கள் எல்லாம் நம் வாசலில் நின்று பன் வாங்கிக்கொண்டுதான் மலை ஏறும் என்று மனக்கோட்டை கட்டினேன். கார்கள் மெயின் ரோட்டில் போகின்றன. நாம் இரண்டாவது சந்தில், ஏலக்காய் கோடவுனுக்குப் பின்னால் இருக்கிறோம். காலையில் போட்ட பப்ஸ் சாயங்காலம் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கிறிஸ்மஸ் வரை பார்ப்பேன். அப்புறமும் இப்படியே இருந்தால் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போவதுதான். மகிமாவின் அண்ணன் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை இருக்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த வயதில் இன்னொருவனிடம் போய்க் கைகட்டி நிற்பதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஷெரின் லீவுக்கு வந்தபோது ஒரு காரியம் செய்துவிட்டுப் போனாள். ‘இங்கன’ என்று ஒரு ஆப். மதுரைப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து செய்தது, இப்போதுதான் பரவிக்கொண்டிருக்கிறது. போனில் ஒரு வரைபடம் தெரியும். அதில் நம் கடை ஒரு சிவப்புப் புள்ளி. கடைக்கு வருகிறவர் ‘வந்துட்டேன்’ என்ற பொத்தானை அமுக்கினால், பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அவருடைய சினேகிதர்களின் போனில் அது தெரியும். வர ஆசைப்பட்டும் வர முடியாதவர் ‘வரணும்’ என்பதை அமுக்கலாம். அதிகம் வருகிறவருக்குப் ‘பெரிய ஆளு’ என்று பட்டம். இப்போதைக்கு நம் கடையின் பெரிய ஆளு, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர் ஒச்சாண்டி. காலையும் மாலையும் டீ குடித்துவிட்டு அமுக்குகிறார். பட்டம் வந்ததிலிருந்து, பெரிய ஆளுக்கு ஒரு சேர் போட மாட்டீர்களா என்று அதட்டுகிறார்.

ஜெபத்தில் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலைப் பற்றி இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ஜாஸ்பர்

*

கெந்துகுடா, ராயகடா மாவட்டம், ஒடிசா
22 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி ஜாஸ்பருக்கு,

இம்மட்டும் நடத்தின தேவனுக்கு ஸ்தோத்திரம். உனக்கும் மகிமாவுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு. நீ கேட்ட இரண்டு வரி: காய்ச்சல் விட்டது. மறுபடி வந்தது. மறுபடி விட்டது. மூன்றாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

டவுன் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் சின்னப் பெண். என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது புறப்படுகிற ஜீப்பில் இந்தக் கடிதம் போக வேண்டும்.

உன் சிவப்புப் புள்ளியைப் பற்றி விடுதிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வந்தவர்கள் எதற்காக வந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும், வந்தது கடைக்காரருக்குத் தெரியாதா என்று ஒருத்தி கேட்டாள். பதிலை நீயே எழுது. அடுத்த முறை ஆஸ்பத்திரி நர்ஸின் போனில் நம் கடையைப் பார்க்கிறேன்.

திருப்பூர்ப் பேச்சை எடுக்காதே. உன் கைப் பன்னுக்கு ஒரு ருசி உண்டு, அது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும் காலம் வரும். நான் தினமும் ஜெபிக்கிறேன்.

மாடி அறை எப்படி இருக்கிறது? என் கட்டில் இன்னும் அங்கேதான் கிடக்கிறதா? ஜன்னல் பக்கம் மழைக்கு ஒழுகுமே, சிமெண்ட் பூசினாயா? சும்மா ஞாபகம் வந்தது, கேட்டேன்.

அன்புள்ள அக்கா,
ஜான்சி

*

போடி
15 செப்டம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படியுங்கள், சிரித்து விழுந்துவிடாதீர்கள்.

‘இங்கன’வில் நம் கடைக்கு ஒச்சாண்டியைத் தவிர வேறு ஆள் இல்லாமல் இருந்ததா? போன ஞாயிறு ஆராதனை முடியும் முன், அறிவிப்பு நேரத்தில், போதகர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். சபையார் எல்லோரும் இந்த ஆப்பைப் போனில் ஏற்றி, ஜெபராணி பேக்கரிக்கு ஒரு ‘வந்துட்டேன்’ போட்டு நம்மைத் தாங்க வேண்டும் என்றேன். வெளியே போய்ச் செய்யுங்கள், கடைக்கு வந்து செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் சபையாரின் அன்பு உங்களுக்குத் தெரியும். ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் அத்தனை பேரும் உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்து அமுக்கிவிட்டார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அமுக்கிக் கொடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த ஆப்புக்கு ஒரு குணம் இருக்கிறது. கூட்டம் எங்கேயோ, கடையும் அங்கே என்று அது நினைத்துக்கொள்ளும். ஒரு கடைக்கு இத்தனை பேர் ஒரே இடத்திலிருந்து ‘வந்துட்டேன்’ என்கிறார்களே, கடைதான் இடம் மாறிவிட்டது போல என்று நம் சிவப்புப் புள்ளியைத் தூக்கி ஆலயத்தின் மேல் வைத்துவிட்டது. எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை கோட்டயத்துக் கார் ஒன்று ஆலய வாசலில் நின்றிருக்கிறது. மணி அடித்து ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற நம் கோயில் குட்டியார் பிச்சைமணி அண்ணன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாராம். இறங்கினவர்கள் மலையாளத்தில் பேக்கரி எங்கே, பப்ஸ் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, “இங்கன ஜீவ அப்பம் மட்டுந்தான் கெடைக்கும், அதுவும் ஞாயித்துக்கெழமதான்” என்று சொல்லியிருக்கிறார்.

அந்தக் காரில் வந்த பெண் ஒருத்தி, ஆலயத்தையும் பிச்சைமணி அண்ணனையும் படம் எடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதி ஆப்பில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்துப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் ஆலயத்துக்குப் போகிறார்கள், அண்ணனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், அவர் கையை நீட்டி நம் சந்தைக் காட்டுகிறார். புள்ளியைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவர ஷெரின் போனிலேயே படாத பாடுபட்டாள். வந்து சேர்ந்துவிட்டது. ஆனாலும் கூட்டம் ஆலயம் வழியாகத்தான் வருகிறது. போதகர் ஐயா முதலில் முகத்தைச் சுளித்தார். இப்போது ஆலயத்துக்கு இத்தனை பேர் வந்து நாளாகிறது என்கிறார்.

நேற்று மத்தியானமே பன் தீர்ந்துவிட்டது. தீர்ந்துவிட்டது என்று பலகை எழுதி மாட்ட எனக்குப் பலகையே இல்லை. உங்கள் ஜெபம்தான்.

அன்புத் தம்பி,
ஜாஸ்பர்

*

கெந்துகுடா
2 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

கிருபையும் சமாதானமும் உண்டாவதாக. நான் சிரித்த சிரிப்பில் சமையற்கட்டிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள். பிச்சைமணி இத்தனை வருஷமும் ஒரு பிரசங்கம் செய்யக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார் போல. அவருக்கு என் வாழ்த்தைச் சொல்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். கவலைப்பட ஒன்றும் இல்லை. நர்ஸ் தன் போனில் ‘இங்கன’வை ஏற்றி நம் கடையைக் காட்டினாள். வாசலில் அம்மாவின் பேரைப் பெரிய எழுத்தில் பார்த்தேன். யாரோ படிக்கட்டில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருக்கிறார்கள். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் போய்விடும் என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் ஜெபஷீலாவை ஊருக்கு அனுப்பிவைத்தோம். என்னோடு இந்த மலைக்கு வந்தவள். அடிக்கடி காய்ச்சல் வருகிறவர்களை அடுத்த மழைக்கு இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று மிஷன் கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு மாலை, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். ஜீப்பில் ஏறிவிட்டாள். அவளுக்கு நாசரேத்தில் அண்ணன் வீடு இருக்கிறது. வந்து கூட்டிப்போனார்கள். மற்றவர்களைப் பற்றியும் கமிட்டியில் பேசுகிறார்கள்.

மாடி அறையைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீ கூட்டத்தில் மறந்திருப்பாய். அவசரமில்லை.

பனிக்காலம் வருகிறது, மகிமாவிடம் ஓவன் சூட்டிலிருந்து நேராகக் குளிர் தண்ணீரில் கை வைக்க வேண்டாம் என்று சொல்.

அன்புள்ள அக்கா,
ஜான்சி

*

போடி
27 அக்டோபர் 2024

அன்பான அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீங்கள் ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்கினதற்கு மகிமா என்னைக் கடிந்துகொள்கிறாள், என்னமோ நான் தங்க வைத்ததுபோல. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடி அறையைக் கேட்டீர்களே, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். கீழே உட்கார இடம் போதவில்லை. சந்தில் நின்று தின்கிறவர்களைப் பார்த்துக் கோடவுன்காரர் சத்தம் போட்டார். என்ன செய்வது என்று யோசித்தபோது உங்கள் அறை நினைவுக்கு வந்தது. முன்பு ஒரு லீவில் வந்தபோது நீங்களே சொன்னீர்கள், என் பேரைச் சொல்லி ஒரு அறையைப் பூட்டி வைக்காதே என்று. திறந்துவிட்டேன். ஒழுகின இடத்தைப் பூசி, மஞ்சள் வெள்ளையடித்து, மேசை நாற்காலி போட்டாயிற்று. உங்கள் டிரங்குப் பெட்டியும் புத்தகங்களும் பரணில் பத்திரமாக இருக்கின்றன. கட்டிலைக் கழற்றி பிச்சைமணி அண்ணனுக்குக் கொடுத்தேன். படுத்துப் பார்த்துவிட்டு உங்களை வாழ்த்தினார்.

அக்கா, உங்கள் ஜன்னல் இப்போது பெரிய பேர் வாங்கிவிட்டது. சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில், போடிமெட்டு ரோட்டில் ஏறுகிற வண்டிகளின் வெளிச்சம் வளைந்து வளைந்து மேலே போவது அதிலிருந்து தெரியும் அல்லவா? அதற்காகவே வருகிறார்கள். ‘போடியில் மாடி ஜன்னல்’ என்று போட்டாலே ஆப்பில் நாம்தான் வருகிறோம். ஒரு டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பார்த்தால் அவர்கள் போடுகிற படம்தான் அடுத்த காரைக் கொண்டுவருகிறது.

வேலைக்கு இரண்டு பெண்களைச் சேர்த்திருக்கிறேன். கிறிஸ்மஸ் கேக்குக்கு இப்போதே ஆர்டர் எடுக்கிறோம். திருப்பூர் மச்சானிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்குகிறேன் தெரியுமா? கேட்டால் சந்தோஷப்படுவீர்கள் என்று தெரியும்.

உங்கள் தம்பி,
ஜாஸ்பர்

*

கெந்துகுடா
9 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துகள். நான் சுகம்.

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். நீ நிம்மதியாகத் தூங்குகிறாய் என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். ஜன்னல் நாலு பேருக்குப் பயன்படுவது நல்லதுதான். கட்டிலும் சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது, அவருக்கு முதுகுவலி உண்டு.

மார்ச் கடைசியில் எனக்கு இடமாற்றம் இருக்கும். புது முகவரியைப் பிறகு எழுதுகிறேன்.

அன்புள்ள அக்கா,
ஜான்சி

*

போடி
5 ஜனவரி 2025

மரியாதைக்குரிய மதினி அவர்களுக்கு,

மகிமா எழுதுவது. புது வருஷ ஆசீர்வாதங்கள் உங்களுக்கு உண்டாகட்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, உங்கள் தம்பி எழுதினால் கீழே கையெழுத்துப் போடுவதோடு சரி. இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் டிசம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு, அக்காவுக்குச் சந்தோஷம் என்று சொல்லி ஆணியில் குத்திவிட்டுக் கேக் வேலைக்குப் போய்விட்டார். நான் எடுத்துப் படித்தேன். நீங்கள் எழுதினால் இன்லண்டின் ஓரம் வரைக்கும் வரும். ஒட்டுகிற இடத்தில்கூட மகிமா சுகமா என்று ஒரு வரி இருக்கும். இந்தத் தடவை முக்கால்வாசித் தாள் வெறும் தாள். இடமாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். இடமாற்றம் என்றால் ஊர்ப் பேர் இருக்குமே மதினி? மாடி அறையை இரண்டு கடிதத்தில் கேட்டவர்கள், இப்போது ஏன் கேட்கவில்லை?

எனக்குப் புரிந்தது சரிதானா என்று மட்டும் எழுதுங்கள். அந்தக் கட்டிலைக் கழற்றினபோது ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. கேக் சுடும்போதெல்லாம் அது வந்து வந்து குத்துகிறது.

நீங்கள் சொல்லாமல் அவரிடம் நான் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணக்கூடாது என்பீர்கள், வாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புள்ள,
மகிமா

*

கெந்துகுடா
24 ஜனவரி 2025

அன்பான மகிமாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நம் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உனக்குப் புரிந்தது சரி. இந்தக் காய்ச்சலோடு இன்னொரு மழைக்காலம் தாங்க மாட்டேன் என்று டாக்டர் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மார்ச் மாதத்தோடு என் ஊழியம் முடிகிறது. ஓய்வு பெற்ற ஊழியக்காரிகளுக்கு விழுப்புரத்துப் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறது. பெரிய ஹாலில் வரிசையாகக் கட்டில். பேர் கொடுத்துவிட்டேன். மணி அடித்தால் சாப்பாடு, நல்ல இடம்தான் என்கிறார்கள்.

ஆகஸ்டில் உங்களிடம் வரத்தான் நினைத்தேன். நேரே எழுதத் துணிவு வரவில்லை. அப்பா போனபோது, ஊழியக்காரிக்கு வீடு எதற்கு என்று என் பங்கையும் ஜாஸ்பருக்கே எழுதிக் கொடுத்தவள் நான். கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? அதனால் கட்டிலைக் கேட்டேன், ஒழுகுகிறதா என்று கேட்டேன். அவனாகச் சொல்லுவான் என்று இருந்தேன். அவன்மேல் குற்றமில்லை. அவன் அப்போது முங்கிக்கொண்டிருந்தான்.

இப்போது அவன் தலை தண்ணீருக்கு மேலே வந்திருக்கிறது. அந்த மாடிதான் அவனைத் தூக்கிவிட்டது. நான் வந்து அதை அடைத்துக்கொண்டு படுத்தால் எனக்குத் தூக்கம் வருமா? அவனிடம் சொல்லாதே. நீ தந்த வாக்கு உன்னிடமே இருக்கட்டும்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு அந்த ஹாலை நினைத்தால் பயமாக இருக்கிறது மகிமா. காட்டில் தனியாக இருந்தபோது வராத பயம்.

ஓவன் பக்கத்தில் கையைப் பார்த்துக்கொள்.

உன் மதினி,
ஜான்சி

*

போடி
16 பிப்ரவரி 2025

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், இன்றைக்குக் காய்ச்சல் இருக்கிறதா?

போன வாரம் கூட்டம் குறைவாக இருந்த ஒரு மத்தியானம், ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வரணும்’ என்று அமுக்கினவர்கள் எந்த ஊரில் இருந்து அமுக்கினார்கள் என்று கடைக்காரனுக்குக் காட்டும். எத்தனை கார் வரும் என்று தெரிந்துகொள்ள அதைப் பார்ப்பேன். கோட்டயம், திண்டுக்கல், மதுரை, தொடுபுழா. கீழே ராயகடா. அதுவும் ஆஸ்பத்திரி. அக்டோபரில் இருந்தது. நவம்பரில் இருந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் இருந்தது. எல்லாம் ஒரே போனில் இருந்து. ஒடிசாக்கார நர்ஸுக்குப் போடியில் தேங்காய் பன் தின்ன என்ன ஆசை என்று முதலில் சிரித்தேன். அப்புறம்தான் நர்ஸின் போனில் நம் கடையைப் பார்த்ததாக நீங்கள் எழுதினது நினைவுக்கு வந்தது.

மகிமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஓவன் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கினதைப் பார்த்து எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆணியில் இருந்த உங்கள் கடிதங்களை எடுத்து முதலில் இருந்து படித்தேன். மாடி அறை எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்டீர்கள். நான் பிச்சைமணி அண்ணன் பேசினதை எழுதினேன். ஜெபஷீலா அக்காவுக்கு அண்ணன் வீடு இருக்கிறது என்று எழுதினீர்கள். உங்கள் கட்டிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன் என்று நான் எழுதினேன். அம்மா போன பிறகு, எனக்கு மீசை முளைக்கிற வரை காத்திருந்துவிட்டுத்தான் நீங்கள் ஊழியத்துக்கே போனீர்கள். உங்களுக்கு நான் செய்த மரியாதை இது.

மாடியை அடைத்தாயிற்று. மேசை நாற்காலி எல்லாம் இறக்கியாயிற்று. ஏன் அடைக்கிறீர்கள் என்று ஆப் கேட்டது. பழுது, விற்பனை, வேறு என்று மூன்று கட்டம் இருந்தது. வேறு என்பதை அமுக்கி, எங்கள் அக்கா வீட்டுக்கு வருகிறார் என்று எழுதினேன். ஜன்னலுக்காக வந்து ஏமாந்தவர்கள் சிலர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கூட்டமும் குறைகிறது. குறையட்டும். கீழே விற்கிற பன் கீழே விற்கும். கட்டிலைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பிச்சைமணி அண்ணன் கேள்விப்பட்டு அவரே சட்டத்தைத் தலையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். புதுசு வாங்கித் தருகிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டார்.

உங்களை அழைத்துவர நானே புறப்படுகிறேன். மார்ச் முதல் வாரம் ரயில். இத்தனை வருஷத்தில் நீங்கள் இருக்கிற இடத்தை நான் பார்த்ததில்லை. வராதே என்று எழுதுவீர்கள் என்று தெரியும். அந்தக் கடிதம் வரும்போது நான் வண்டியில் இருப்பேன்.

ஜாஸ்பர்

*

கெந்துகுடா
3 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீ வர வேண்டாம். இல்லத்தில் எனக்கு இடம் உறுதியாகிவிட்டது, டாக்டர் வசதியும் உண்டு. ஊட்டி வளர்த்தவள் சொல்கிறேன், மாடியை உடனே திற. ஆப்பில் எழுதினதை அழித்துவிடு. மறுபடி நீ காலிக் கடையில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. பிரயாணம் வீண் செலவு, வீண் அலைச்சல்.

அக்கா,
ஜான்சி

*

கெந்துகுடா
12 மார்ச் 2025

அன்பான மகிமாவுக்கு,

தேவனுடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. ஜாஸ்பர் பத்திரமாக வந்து சேர்ந்தான். நான் எழுதின ‘வராதே’ இப்போது உன் கையில் இருக்கும். கிழித்து ஓவனில் போடு.

இந்த மலையில் உங்கள் ‘இங்கன’வில் ஒரு புள்ளியும் கிடையாது. ஜீப் அவனை ஓடைக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. எதிரே வந்தவர்களிடம் எல்லாம் தமிழிலேயே ஜான்சி அக்கா, ஜான்சி அக்கா என்று கேட்டுக்கொண்டு ஏறியிருக்கிறான். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுதி வாசலில் விட்டார்கள். பையில் நீ வைத்துவிட்ட பன் எல்லாம் பொடியாகிவிட்டது. என் பிள்ளைகள் அந்தப் பொடியையும் விடவில்லை, தாளை விரித்து நக்கிவிட்டார்கள்.

அவனிடம் சொல்ல எல்லாம் தயாராக வைத்திருந்தேன். கடை, கூட்டம், நட்சத்திரம், இல்லத்தில் இருக்கிற டாக்டர் என்று கமிட்டியில் பேசுகிற மாதிரியே பேசினேன். அவன் ஷூவைக் கழற்றி, காலில் ஒட்டின அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, “ஏக்கா, சொந்த வீட்டுக்கு வர்றவுக யாராச்சும் கேட்டுக்கிட்டா வருவாக?” என்றான். குரலை உயர்த்தவில்லை. அழுதுவிட்டேன். வந்தவர் அக்காவைத் திட்டிவிட்டார் என்று பிள்ளைகள் அவனை இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

விடுதியை ஒப்படைக்க மாதக் கடைசி ஆகும். அதுவரை இங்கேதான் இருப்பேன் என்கிறான். மண் அடுப்பில் பிள்ளைகளுக்குப் பன் சுட்டுக்காட்டப் போகிறானாம். நீ தனியாகக் கடையைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று கேட்டால், உன்னால்தான் கடையே ஓடுகிறது, தான் சும்மா என்கிறான். அது எனக்கு முன்பே தெரியும். சென்னையில் வண்டி மாறி, 29ஆம் தேதி காலை போடி ஸ்டேஷனில் இறங்குவோம்.

அவனிடம் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. மேடு இறங்க ஒரு பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் எனக்காக அடைத்து வைத்திருக்கிற மாடிக்கு என்னால் ஏற முடியாது. கட்டிலை மேலே போட்டிருந்தால் கீழே இறக்கு. ஓவன் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அறை எனக்கு வேண்டும். குளிர் ஜுரம் வருகிற நாளில் அந்தச் சுவரின் சூடு எனக்கு நல்லது.

அது நீயும் அவனும் படுக்கிற அறை. எனக்குக் கொடுத்தால் நீங்கள் இருவரும் மாடிக்குப் போக வேண்டும். மாடியைக் கடைக்குத் திருப்பித் தரவும் முடியாது. எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

மற்றவை நேரில்.

உன் மதினி,
ஜான்சி